முடியாத வேலையெல்லாம் என் பேரில்

கம்பனியில் என் வேலை டெலிபோன் எடுப்பது. தேத்தண்ணியும் ஊற்றுவேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சம்பளம்.

கம்பனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கற்பிட்டி றோட்டோரம் ஒரு கடைக் கட்டிடம். முன்னறையில் நான், ஒரு மேசை, ஒரு கதிரை, டெலிபோன். பின்னறை முதலாளி ஹாஜியாருடையது. அதற்கும் பின்னால் கம்பும் பலகையும் கிடுகும் அடுக்கிய கொட்டில். சண்டை முடிந்த பிறகு இந்தக் கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். பெரிய பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடுவார்கள். ஓடி முடிந்து படுக்க அவர்களுக்குக் கபானா வேணும். கபானா என்றால் தென்னோலைக் கிடுகு வேய்ந்த குடிசை. சண்டையில் ஊரை விட்டு முசலியிலிருந்து வந்த புதிதில் நாங்களும் கரைத்தீவுப் பக்கம் கிடுகுக் குடிசையில்தான் கிடந்தோம். அப்போது அதற்கு அந்தப் பேர் இல்லை. பார்க்க யாரும் வரவுமில்லை.

ஹாஜியார் கபானா கட்டிக் கொடுப்பவர். மாம்புரியில் ஒரு வேலை, உச்சமுனையில் ஒரு வேலை என்று எந்நேரமும் இரண்டு மூன்று இடத்தில் ஆட்கள் நிற்பார்கள். அங்கிருந்து எனக்குக் கோல் எடுப்பார்கள். அதிகம் எடுப்பவர் பாஸ். தச்சு வேலைக்குத் தலைவர். கைவேலை தெரிந்த ஆளை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. என்னை எல்லாரும் ராத்தா என்பார்கள், அக்கா என்கிற மாதிரி.

"ராத்தா, ஹாஜியார் இரிக்காரா?"

"இரிக்கார். குடுக்கவா?"

"வேணாம், வேணாம். கதவு நிலை கோணிப் போச்சு. கழட்டித் திருப்பி அடிக்கோணும். அவர்ட்ட நல்லா போகுது எண்டு சொல்லுங்க."

நான் பின்னறைக்குப் போய்ச் சொல்வேன். "ஹாஜியார், பாஸ் கதைச்சார். வேலை நல்லா போகுதாம். நிலையக் கழட்டுறாராம்." ஹாஜியார் தலையாட்டுவார். அவருக்கு விளங்கிவிடும். இல்லை என்ற சொல்லை எங்கள் ஆட்கள் அவரிடம் நேரே சொல்ல மாட்டார்கள். பயம் என்றும் இல்லை. அவர் கோபக்காரர் இல்லை. சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அவருக்கும் கேட்டுப் பழக்கமில்லை. இடையில் நான் இருந்தேன்.

அந்த முறை போதும் என்றுதான் எல்லாரும் இருந்தோம். உச்சமுனை வேலையைத் தந்தவர் கொழும்புக்காரர். சிங்கள ஆள். ஹோட்டல் மாத்தையா என்று சொல்வோம். ஒரு நாள் ஹாஜியாரைக் கேட்டார், வேலை எப்படி என்று. நல்லா போகுது என்றார் ஹாஜியார். நல்லா என்றால் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று கேட்டார் மாத்தையா.

ஹாஜியார் அன்று முழுக்கச் சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்தார். நல்லா என்பதற்கு வீதம் கேட்ட ஆளை அவர் அதுவரை கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்து மருமகன் வந்து சேர்ந்தார். ஹாஜியாரின் இளைய மகளைக் கல்யாணம் முடித்தவர். கொழும்பில் முகாமைத்துவம் படித்தவர். எதை முகாமை செய்தார் என்று கேட்கக் கூடாது, அப்போதுதான் படித்து முடித்திருந்தார். பின்னறையில் அவருக்கும் ஒரு கதிரை போட்டார்கள். மேசையில் லப்டொப்பை வைத்தார். கதை தொடங்கினது அன்றைக்குத்தான்.

"மாமா, இதுக்கெல்லாம் இப்ப சொப்ட்வெயார் இரிக்கு. இன்டர்நெட்ல. அவங்கவங்க அவங்கட வேலைய போன்ல போட்டா, நீங்க இங்க இரிந்தே எல்லாத்தையும் பாக்கலாம். மாத்தையாவும் கொழும்பில இரிந்து பாக்கலாம். வீதம் அதுவே காட்டும்."

"ஆரும் கோல் எடுக்கத் தேவையில்லையா?"

"தேவையே இல்ல மாமா."

"அப்ப டெலிபோனுக்கு ஆள் தேவைப்படாது."

நான் அந்நேரம் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். ஹாஜியார் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்துச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் இப்போது கடலுக்குப் போவதில்லை. ஏன் என்பது இங்கே தேவையில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் ஏழாம் வகுப்பு. வேறு கம்பனி என்னை வாங்க என்று கூப்பிடாது. எனக்கு அந்தக் கதிரை வேணும். இனிச் சொல்வது முழுக்க அதைப் பற்றித்தான்.

நோன்பு வருமுன் ஒரு சொப்ட்வெயாரை முடிவெடுப்பது, அதோடு முன்னறையை வாடகைக்கு விடுவது. இப்படிப் பேசிக்கொண்டார்கள். போனுக்குக் கார்ட் விற்கிற ஒருவர் அறையைப் பார்க்க வந்தார். அளவு நாடாவோடு வந்தார். சுவருக்குச் சுவர் அளந்தார். என் மேசைக்குக் கீழாலும் நாடா போக வேண்டியிருந்தது.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க ராத்தா" என்றார்.

தூக்கினேன்.

ஹாஜியார் எதையும் பார்க்காமல் வாங்குகிறவர் இல்லை. லொறி வாங்கினபோது விற்றவரையே பக்கத்தில் இருத்திப் பாலாவி வரை ஓடிப் பார்த்தார். மாடு என்றால் வாலைத் தூக்கிப் பார்ப்பார். சொப்ட்வெயாருக்கு எதைத் தூக்கிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இது ஆர்ட சாமான்?"

"வெளிநாட்டுக் கம்பனி மாமா."

"புத்தளத்தில ஆர் வெச்சிரிக்கா?"

"அது தெரியாது மாமா."

"ஆரும் வெச்சில்லாத சாமான எப்பிடி நம்பி வாங்குற?"

"வாங்க முதல் கொஞ்ச நாள் சும்மா பாவிச்சுப் பாக்கத் தருவாங்க மாமா."

சும்மா என்ற சொல் ஹாஜியாருக்குப் பிடித்துப்போனது. சரி, கொண்டு வா பார்ப்போம் என்றார்.

முதல் வந்தது கோடு கோடாக இருந்தது. நீளப் பலகை அடுக்கின மாதிரி. எந்தப் பலகை எந்த வேலை என்று மருமகனுக்கே பாதியில் விட்டுப்போனது. அதைப் பழகி முடிக்கிற நேரம் சும்மா கொடுத்த நாட்களும் முடிந்தன. காசு கட்டு என்றது. ஹாஜியார் காசு கட்டுகிற ஆளா. மருமகன் ஹாஜியாரின் மனைவி பேரில் ஒரு இமெயில் திறந்து, அதே சொப்ட்வெயாரைப் புதிதாகச் சும்மா எடுத்தார். போட்ட வேலையெல்லாம் போய்விட்டது. எல்லாரும் முதலில் இருந்து திருப்பிப் போட்டார்கள். அதுவும் முடிந்தது. பிறகு வேறு சொப்ட்வெயார், மகள் பேரில். பிறகு அதே, மூத்த மகள் பேரில். எழுத்துக் கூட்டித்தான் பேப்பர் வாசிக்கிற ஹாஜியாரின் மனைவி அந்த மாதங்களில் இன்டர்நெட்டில் ஒரு கட்டிடக் கம்பனியின் தலைவி.

ஹாஜியாருக்கு ஒரு தரம் மனது உறுத்தியது. "இது ஏமாத்துறதுல சேராதா மகன்?"

"இல்ல மாமா. சோதிச்சுப் பாக்கிற."

"அப்ப சரி."

இரண்டாவதாக வந்ததில் ஒரு வேலையை முடித்ததாக அழுத்தினால் திரையில் வண்ணக் கடதாசி பறக்கும். பாஸுக்கு அது ஆசையாய்ப் போனது. அதைப் பார்க்க ஒரே ஜன்னலை மூன்று தரம் முடித்தார். ஜன்னல் கொட்டிலில் மரமாகக் கிடந்தது.

இதற்குள் டெலிபோன் முன்னையை விடக் கூட அடித்தது. வேலையைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.

"ராத்தா, பாஸ்வேர்ட் என்ன?"

"முந்தின கிழமை சொன்னது."

"அது இப்ப எடுக்குதில்லையே."

"அப்ப மாத்தியிருப்பாங்க. இரிங்க, கேட்டுச் சொல்றன்."

என்னைத் தேவையில்லாமல் செய்கிற சாமானுக்கு நான்தான் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு இந்தியக் கம்பனி. விற்கிற பிள்ளை லப்டொப் திரையில் வந்தார். விற்பவனின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஹாஜியார் பிடிவாதமாக நின்றதால் மருமகன் ஏற்பாடு செய்தது. அந்தப் பிள்ளை கதைத்ததும் தமிழ்தான். சினிமாப் படத்தில் கதைக்கிற தமிழ்.

"வணக்கம் சார். உங்களுக்கு என்னென்ன தேவைன்னு சொன்னீங்கன்னா..."

"முதல்ல உங்கட ஊர் எது மகன்?"

"மதுரைப் பக்கம் சார்."

"உங்கட அப்பா என்ன செய்றார்?"

"அப்பா ரிட்டயர்ட் சார். டெமோ ஆரம்பிக்கலாமா சார்?"

"ஆரம்பிங்க. விலைய மட்டும் கொஞ்சம் பாத்துச் செய்யோணும். நாங்க சின்ன ஆக்கள். ஒருக்கா குடும்பத்தோட இங்க வந்து போங்க, நல்ல றால் இரிக்கு."

"சார், அஞ்சு பேர் வரைக்கும் ஃப்ரீதான் சார். காலத்துக்கும் ஃப்ரீ. மத்த நிறைய கம்பெனியிலயும் இப்படித்தான் சார்."

ஹாஜியார் மெதுவாகத் திரும்பி மருமகனைப் பார்த்தார். மருமகன் குனிந்து லப்டொப்பின் வயரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சிரிப்பை வெளியில் வைத்துத்தான் சிரித்தேன்.

முடிவெடுக்க மஷூரா வைத்தார்கள். அஸர் தொழுகை முடிந்து பின்னறையில் பாய் விரித்து வட்டமாக இருந்தார்கள். மஷூராவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒருவர் அமீர். அவர் வலப்பக்கத்தில் இருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவார். கேட்டுவிட்டு அவர் ஒன்றை முடிவு சொல்வார். சொன்ன பிறகு அதில் யாரும் குறை பேசக் கூடாது. நான் அப்பவே சொன்னேன் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. நல்ல முறை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சம்பளம் கொடுக்கிறவரே அமீராக இருந்தால் மட்டும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே பக்கமாகப் போய்விடும்.

வலப்பக்கம் பாஸ் இருந்தார்.

"ஹாஜியார் எத எடுத்தாலும் கைர், நல்லதுதான்" என்றார்.

அடுத்தது போட்காரர். உச்சமுனைக்கு எங்கள் சாமானையெல்லாம் களப்பு வழியாகப் படகில் ஏற்றிப் போகிறவர்.

"காத்து எப்ப விழும் எண்டு இது காட்டுமா?"

"காட்டாது" என்றார் மருமகன்.

"அப்ப எனக்கு எல்லாம் ஒண்டுதான்."

மருமகன் நெடுநேரம் கதைத்தார். திட்டமிடல் என்றார், கண்காணிப்பு என்றார், வெளிப்படைத்தன்மை என்றார். பாஸ் நடுவில் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார். வண்ணக் கடதாசி பறக்கிறதுக்குக் காசு, இந்தியப் பிள்ளையினது சும்மா. இவ்வளவும் சொல்ல அவருக்கு மஃரிப் நெருங்கினது.

ஹாஜியார் நியாயத்துக்கு மாறானவர் இல்லை. வாசலில் தட்டோடு நின்ற என்னையும் கேட்டார்.

"மகள், நீங்களும் ஒரு கருத்துச் சொல்லுங்க. டெலிபோன்ல இரிந்த ஆள்தானே."

இரிந்த என்றார். நான் கவனித்தேன்.

"எனக்கு எதெண்டாலும் சரி ஹாஜியார். ஒண்டு மட்டும். இதுகள்ள முடிஞ்சது, முடியல்ல எண்டு ரெண்டு பெட்டிதான் இரிக்கு. எங்கட ஆக்கள் ரெண்டாவதுல போட மாட்டாங்க."

பாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அது மெய்தான் ஹாஜியார். உங்களுக்குப் போய் முடியல்ல எண்டு எழுத்தில எழுதுறதா? மரியாத கெட்ட வேல."

போட்காரரும் ஓம் ஓம் என்றார். இத்தனை மாதமும் எல்லாரும் ஏன் எல்லாவற்றையும் முடித்ததாகவே அழுத்தினார்கள் என்பது மருமகனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் கெட்டிக்காரர். உடனே சொன்னார்:

"மாமா, இந்தியக் கம்பனியிடதில நாங்க விரும்பின பேர்ல பெட்டி வெக்கலாம். தமிழ்லயும் வெக்கலாம்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "அப்ப ரெண்டுக்கும் நடுவில ஒண்டு வெய்யுங்க. இன்ஷா அல்லாஹ் எண்டு."

வட்டம் முழுக்க மூச்சு விட்டது. பாஸின் முகம் தெளிந்தது. மாஷா அல்லாஹ் என்றார் போட்காரர். அந்தச் சொப்ட்வெயாரே முடிவானது. உலகத்தில் எத்தனையோ கம்பனி எத்தனையோ காரணத்துக்குச் சொப்ட்வெயார் தெரிந்திருக்கும். எங்கள் காரணம் இது.

ஐந்து பேர். ஹாஜியார், மருமகன், பாஸ், போட்காரர், கொழும்பில் இருந்து பார்க்க ஹோட்டல் மாத்தையா. ஆறாவதாக இடம் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

இன்ஷா அல்லாஹ் நல்ல வார்த்தை. மனதால் நினைத்துச் சொன்னால் அதற்கு மேல் வார்த்தை கிடையாது. எங்கள் ஆட்கள் அதை எந்த வேலைக்குச் சொல்வார்கள் என்பதுதான் விஷயம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறம் கேட்டதாம் சொப்ட்வெயார். வார்த்தைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மருமகன் இன்ஷா அல்லாஹ்வுக்குப் பச்சை கொடுத்தார். முடிஞ்சதுக்கு நீலம். முடியல்ல என்ற பெட்டிக்குச் சிவப்பு.

சிவப்பில் ஒன்றும் விழவில்லை. நீலத்தில் கொஞ்சம் விழுந்தது. மற்றதெல்லாம் பச்சை. அஸ்திவாரம் பச்சை, கதவு பச்சை, தண்ணிக் குழாய் பச்சை. ஹாஜியார் காலையில் வந்து திரையைத் திறந்து பார்ப்பார். வயல் பார்க்கிற ஆள் மாதிரி இருக்கும் அவர் முகம். கடைக்கு வருகிறவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வந்தவர்கள், நல்லா போகுது போல என்றார்கள்.

மருமகன் என்னிடம் வந்தார். "ராத்தா, இனி வேலை விஷயமா டெலிபோன் அடிச்சா எடுக்க வேணாம். விடுங்க. அப்பத்தான் அவங்க இதுல போடப் பழகுவாங்க. எப்பிடியும் மாதம் முடிய லைன வெட்டுற."

பிறகு டெலிபோன் அடிக்கும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கும் சம்பளம்தான்.

கச்சான் காற்று தொடங்கினது. பட்டக்காரர் வருவதும் அந்தக் காற்றுக்குத்தான். ஆனால் கிடுகு ஏற்றின போட்டுக்கு அது ஆகாது. கிடுகுக் கட்டு பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும், போட் போகிற திசையைக் காற்றுத்தான் சொல்லும். போட்காரர் வந்து கொட்டிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், போனை எடுத்துக் கிடுகு ஏற்றுகிற வேலையைப் பச்சையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கிடுகு வரவில்லை என்றதும் பாஸும் கூரை வேய்கிறதைப் பச்சையில் போட்டார். உச்சமுனையில் பலகைச் சுவர் நின்றது, மேலே வானம். எங்கள் திரையில் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் காலை ஹாஜியாரும் மருமகனும் புத்தளம் போயிருந்தார்கள். டெலிபோன் அடித்தது. விட்டேன். திருப்பி அடித்தது. அதையும் விட்டேன். மூன்றாம் தரம் எடுத்தேன். ஹோட்டல் மாத்தையா. எனக்குச் சிங்களம் சிலாபம் ஆஸ்பத்திரியில் உம்மாவோடு நின்ற நாளில் பழகினது. மருந்துக்கும் கட்டிலுக்கும் பழகினது, ஆனால் கதைக்கப் போதும்.

"எல்லாம் பச்சையாக இருக்கிறதே" என்றார் சந்தோசமாக. "வெள்ளிக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிரச்சினை இல்லைதானே?"

ஓம் என்றால் வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பிள்ளைகள் காற்றில் படுக்கும். இல்லை என்றால் ஹாஜியாரின் வாக்குப் போகும், மருமகனின் முகம் போகும். எடுக்க வேண்டாம் என்ற டெலிபோனை எடுத்து அதைச் சொன்னவள் மாத முடிவு வரை இருக்கத் தேவையில்லை. பச்சைப் பெட்டியின் வார்த்தையைச் சொன்னால் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது. அது வாய்க்குள் வந்து நின்றது.

"கூரை இல்லை மாத்தையா" என்றேன்.

"என்ன?"

"கூரை. இன்னும் போடவில்லை. கிடுகு இங்கே எங்கள் கொட்டிலில் கிடக்கிறது. காற்று."

"அப்போது அந்தப் பச்சை?"

"ஆண்டவன் நாடினால் நடக்கும் என்று அர்த்தம்."

அவர் சிரித்தாரா இருமினாரா தெரியாது. "நல்லது நங்கி" என்று சொல்லிவிட்டு வைத்தார். நங்கி என்றால் தங்கச்சி.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் வந்தார்கள். மாத்தையா அவர்களுக்கு வழியிலேயே எடுத்திருக்கிறார். மருமகன் வாசலில் நின்றபடி கேட்டார்.

"ஆர் உங்கள எடுக்கச் சொன்ன?"

"அடிச்சது."

"அடிச்சா விடுங்க எண்டுதானே சொன்ன."

"விட்டன். திருப்பி அடிச்சது."

ஹாஜியார் கதிரையில் சாய்ந்தார். "கூரை இல்ல எண்டு அப்பிடியேவா சொன்னீங்க?"

"ஓம்."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாமே மகள்."

"மெதுவாத்தான் சொன்னன் ஹாஜியார். சத்தம் போடல்ல."

மேசை லாச்சியை இழுத்து, உள்ளே இருந்த என் சாமானைப் பைக்குள் போட்டேன். ஒரு கோப்பை, ஒரு தஸ்பீஹ் மணி, தலைவலி மருந்து. பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். போகச் சொன்னால் போகலாம்.

சொல்லவில்லை. என்மேல் உள்ள இரக்கத்தால் அல்ல. மாத்தையா கோபிக்கவில்லையாம். ஆட்களைக் கண்டக்குழியில் வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறாராம். அடுத்த வரிசை கபானாவையும் எங்களுக்கே தருவாராம். ஒரு நிபந்தனை. பச்சையைப் பார்க்க அவருக்கு நேரமில்லை, சொப்ட்வெயாரில் இருந்து அவர் விலகிவிட்டார். இனி டெலிபோன் எடுக்கிற அந்த நங்கியிடம் மட்டும்தான் கேட்பாராம்.

அன்றைக்கே திருப்பி மஷூரா. சொப்ட்வெயார் பிழை என்று யாரும் சொல்ல முடியாது, அது மஷூராவில் முடிவானது. மருமகன் பிழை என்றும் சொல்ல முடியாது, அவர் மருமகன். நிறத்தை மாற்றலாமா என்று கொஞ்ச நேரம் கதைத்தார்கள். பச்சையை மஞ்சளாக்கினால் வார்த்தைக்கு மரியாதை இல்லை என்றார் பாஸ்.

"அப்ப முடியல்ல எண்டத ஆராவது சொல்லத்தானே வேணும்" என்றார் ஹாஜியார்.

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். போட்காரர்தான் வழி சொன்னார்.

"ராத்தா சொல்லட்டுமே ஹாஜியார். பொம்பிளதானே. அவ சொன்னா ஆர்ட மானமும் போகாது."

அந்த அறையில் அதுவரை சொன்ன கருத்துகளில் எல்லாருக்கும் ஒரே தரத்தில் பிடித்தது அது ஒன்றுதான். பாஸ் தலையாட்டினார். மருமகனும் தலையாட்டினார். ஹாஜியார் நல்ல யோசனை என்றார். நான் வாசலில் தட்டோடு நின்றேன். பொம்பிளை அங்கே நிற்கிறாள் என்பது ஒருவருக்கும் தடையாக இருக்கவில்லை.

மாத்தையா விட்டுப்போன ஐந்தாவது இடத்தில் என்னைப் போட்டார்கள். பேர் கேட்ட இடத்தில் மருமகன் ராத்தா என்றே அடித்தார். முறை இப்படி: யாருக்காவது ஒரு வேலை முடியாமல் போனால் அதை அவர் என் பேருக்கு மாற்றிவிடுவார். அது சிவப்பில் என் பேரில் நிற்கும். அவர் கையில் ஒன்றும் இராது. நான் கொழும்புக்குச் சொல்வேன். அல்ஹம்துலில்லாஹ் என்று எழும்பினார்கள். நான் கோப்பை கழுவினேன்.

நாடாக்காரருக்கு முன்னறை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதையும் என்னைக்கொண்டுதான் சொல்வித்தார்கள்.

அதற்குப் பிறகு உச்சமுனைக் கூரை என்னுடையது. மாம்புரிக் கொங்கிரீட் என்னுடையது. போட்டின் என்ஜின் பழுதானது, அதுவும் என் பேரில் வந்தது. காற்று அடங்குகிற விடியல்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடுகு போய்ச் சேர்ந்து கூரை வேய்ந்தார்கள். வேய்ந்து முடிந்ததும் அந்த வேலையைப் பாஸ் தன் பேருக்குத் திருப்பி எடுத்து நீலத்தில் போட்டார். நான் உச்சமுனையை இன்னும் கண்டதில்லை.

மாத முடிவில் சொப்ட்வெயார் ஒரு அறிக்கை அனுப்பும், யார் எவ்வளவு முடித்தார்கள் என்று. மருமகன் அதை எல்லாரையும் வைத்து வாசித்தார். பாஸ் எடுத்த வேலை எல்லாம் முடித்திருந்தார். போட்காரரும் அப்படியே. ராத்தா ஒன்றையும் முடிக்கவில்லை. எடுத்தது எல்லாம் பிந்தியிருந்தது. ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

"மகள், நீங்க கொஞ்சம் பிந்திப் போறீங்க போல."

பகிடிக்குச் சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். தெரியவே இல்லை.

மாதத்தின் சிறந்த ஊழியர் என்று பாஸின் படத்தைப் பெரிதாக அடித்துக் கொண்டுவந்தார் மருமகன். ஒட்டுவதற்குச் சுவர் தேடினார்கள். பின்னறையில் அலுமாரி மறைத்தது. கடைசியில் முன்னறையில் என் தலைக்கு மேல் ஒட்டினார்கள். வருகிறவர்கள் முதலில் அவரைப் பார்ப்பார்கள், பிறகு கீழே என்னை.

அடுத்த நாள் பாஸ் எடுத்தார்.

"ராத்தா, கோவிக்காதீங்க. இண்டைக்கும் ஒரு கதவு உங்கட பேர்ல போட்டன்."

"எந்தக் கதவு?"

"குசினிக் கதவு. மரம் வெடிச்சிட்டு."

"புதுசு எப்ப வரும்?"

"எங்க வர. ஓடர் குடுக்கவே இல்ல."

"சரி."

வைத்துவிட்டுக் கொழும்புக்கு எடுத்தேன். குசினிக்குக் கதவு இல்லை என்றேன். மாத்தையா சரி என்றார்.

நோன்பு வந்தது, பெருநாளும் போனது. கதிரை இருந்த இடத்திலேயே இருக்கிறது.